இதமான இதழ்களில் ஒரு கடுஞ்சொல்

நடந்தது பங்குனி மாதம், வெயில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தொடுவதற்கு முன், காலை ஆறரை மணிக்கு. நேரத்தை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு, அம்மா. நம் குழுவில் ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை மலர் வணக்க நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் யாருக்கும் அறிவுரை கூறுவதில்லை. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் டாக்டர் ஜெஸிந்தா அந்தச் சொல்லைச் சொன்னார்.

குழுவில் சேர விண்ணப்பித்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரையும் நானே தொலைபேசியில் அழைத்துப் பேசிவிடுவது வழக்கம். முப்பத்து மூன்று ஆண்டுகள் திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பித்தவள் நான். விதி தெரியாமல் ஒருவர் உள்ளே வந்துவிட்டு, பிறகு விதியின்பேரில் வெளியேற்றப்படுவது எனக்குப் பிடிக்காது. முதலில் விதி, பிறகு நடந்தது. பொறுமையாகக் கேட்பீர்கள் அல்லவா?

‘இதமான இதழ்கள்’ செம்பருத்தி வளர்ப்போரின் வாட்ஸாப் குழு. இதைப்போல் வேறு குழுக்கள் உண்டு. நானும் அவற்றில் இருந்திருக்கிறேன். ஒருவர் ஆசையாகத் தம் செடியின் படத்தைப் போட்டால், ‘தண்ணி ஜாஸ்தி’, ‘தொட்டி சின்னது’, ‘இதெல்லாம் ஒரு பூவா’ என்று எழுதுவார்கள். ஒரு பெரியவர் என் செடியைப் பார்த்து, ‘கருவேப்பிலை நல்லா வந்திருக்கு’ என்று எழுதினார். அன்றே முடிவு செய்தேன். மனம் நோகாத ஒரு குழுவை நானே தொடங்குவேன் என்று.

தொடங்கினேன். அன்பு விதிகளையும் நானே வகுத்தேன். தலையாய விதி இது: மூவரின் பூவைப் பாராட்டிய பிறகே ஒருவர் தம் பூவைப் போடலாம். வெறும் ‘அருமை’ ஏற்கப்படாது. பாராட்டில் குறைந்தது இரண்டு சொற்களாவது இருக்க வேண்டும். பூ இல்லாதபோது இலையைப் பாராட்டலாம். இலையும் இல்லாதபோது தொட்டியைப் பாராட்டலாம். ஈரோட்டில் கமலவேணி என்று ஓர் உறுப்பினர், ஜவுளிக்கடைக்காரர் மனைவி. ஒருமுறை வெறும் குச்சி ஒன்றைப் பார்த்து, ‘என்ன ஒரு நிமிர்வுங்க!’ என்று எழுதினார். அந்த ஆண்டின் சிறந்த பாராட்டாளர் விருதை அவருக்குத்தான் கொடுத்தோம்.

குறைகாட்டும் சொற்களுக்கும் மாற்று வைத்திருக்கிறோம். செடி ‘செத்துவிட்டது’ என்று எழுதுவதில்லை, ‘ஓய்வெடுக்கிறது’ என்போம். பழுத்த இலை ‘பொன்னிலை’. பூச்சிகளை ‘விருந்தாளிகள்’ என்போம். சிரிக்கிறீர்களா? சிரிக்கலாம், சிரிப்புக்குத் தடையில்லை. ஆனால் ஐந்தாண்டுகளாக எங்கள் குழுவில் ஒரே ஒரு சச்சரவுகூட நடந்ததில்லை. நடந்தது ஒன்றே ஒன்று, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

‘அந்திச்சாம்பல்’ என்ற செம்பருத்தியைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். உலகில் அது என் மாடியில் மட்டுமே இருந்தது. ஒரு செடியின் மகரந்தத்தைத் தூரிகையில் எடுத்து மற்றொரு செடியின் சூல்முடியில் தொட்டு வைத்து, காய் பிடிக்கும்வரை காத்திருந்து, விதைத்து, முளைத்தவற்றில் மட்டமானவற்றை நீக்கி... ஓய்வு பெற்ற பிறகு நான் செய்த ஒரே காரியம் அதுதான். செங்கல் நிற இதழ். நடுவில் புகைபோல ஓர் ஊதா வளையம். மாலையில் அந்த வளையம் சாம்பல் நிறத்துக்கு மாறும். எனக்குப் பிள்ளைகள் இல்லை. இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. அந்தச் செடி போனால் அந்த வகையே போய்விடும், அது உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மாசி மாதத்தில் அதன் தண்டிலும் மொட்டுக் காம்பிலும் வெண்மையாக ஒரு படலம் படர்ந்தது. படம் எடுத்துப் போட்டேன். கும்பகோணத்தில் வைத்தியலிங்கம் என்று ஒருவர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், உடனே எழுதினார்: ‘மேடம், வெண்பட்டுப் போர்த்திய மாதிரி இருக்கு!’ கமலவேணி எழுதினார்: ‘ஊட்டிப் பனியாட்டம் இருக்குதுங்க!’ அன்று மட்டும் நாற்பது பாராட்டுகள் வந்தன. புதிய கலப்பினம் அல்லவா, புதிய பண்பு தோன்றியிருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். அந்திச்சாம்பலின் விளக்கக் குறிப்பில், ‘தண்டில் மெல்லிய வெண்பட்டுப் படலம்’ என்று ஒரு வரியும் சேர்த்தேன். எனக்கு அப்போது கண்புரை இருந்தது உண்மைதான். ஆனால் நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் கண்புரை இருக்க முடியாதல்லவா? பெரும்பான்மையை நான் எப்போதும் மதிப்பவள்.

குழுவின் ஐந்தாம் ஆண்டு நிறைவுக்காகச் செடியிலிருந்து தண்டுகளை வெட்டினேன். ஈரத்துணியில் சுற்றி, ஆளுக்கு இரண்டாக, மிகச் சிறந்த பாராட்டாளர்கள் பதினொருவருக்குக் கூரியரில் அனுப்பினேன். பன்னிரண்டாவதாக ஒரு பார்சலும் அனுப்ப நேர்ந்தது. மார்த்தாண்டத்தில் பல் மருத்துவராக இருக்கும் டாக்டர் ஜெஸிந்தா வாய்விட்டுக் கேட்டார். ‘எனக்கும் ஒண்ணு வேணும் மேடம்’ என்று, எல்லோரும் பார்க்கும்படி. கொடுத்தால் ஏற்பதுதான் நயம். கேட்பதும் ஒரு வகை முரட்டுத்தனமே. ஆயினும் அனுப்பினேன்.

அதன் பிறகுதான் அந்தப் பங்குனிக் காலை. மலர் வணக்கம் நடந்துகொண்டிருக்கிறது. ஒருவர் கூடத் தம் கைபேசியை இன்னும் கீழே வைக்கவில்லை. டாக்டர் எழுதுகிறார்: ‘மேடம், கம்பு வந்து சேர்ந்துது. நல்ல பூவாக்கும், இல்லேன்னு சொல்லல்ல. ஆனா தண்டு முழுக்க மாவுப்பூச்சி. பட்டும் இல்ல, பனியும் இல்ல. உங்க செடிய இன்னைக்கே தனியா மாத்துங்க, மோசமான கொம்ப எல்லாம் வெட்டி எரிச்சுப் போடுங்க, மிச்சத்துக்கு வேப்பெண்ணெயும் சோப்பும் கலக்கி அடியுங்க. கம்பு வாங்கின எல்லாரும் பாத்துக்கிடுங்க.’

மாவுப்பூச்சி. அந்தச் சொல் நம் குழுவில் முதன்முறையாக அன்று எழுதப்பட்டது. ‘விருந்தாளி’ என்றாவது எழுதியிருக்கலாம்.

அடுத்த கால் மணி நேரம், திரையின் உச்சியில் ‘தட்டச்சு செய்கிறார்’ என்று வரும், மறையும், வரும், மறையும். பிறகு வைத்தியலிங்கம் எழுதினார்: ‘ஒவ்வொருவர் பார்வை ஒவ்வொரு விதம்.’ கீழே இரு கைகள் கூப்பியிருந்தன. அதன் பின் கூப்பிய கைகளாகவே வந்து குவிந்தன. யாரைக் கும்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னை என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

நான் அவசரப்படுபவள் அல்ல, அம்மா. குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பைக் கேட்காமல் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரண். வைத்தியலிங்கம், கமலவேணி, நான் ஆகிய மூவர் அடங்கிய இணக்கக் குழு ஒன்றை அமைத்தேன். விளக்கம் அளிக்க டாக்டருக்கு ஒரு வாரம் கொடுத்தேன். அவர் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே ஒரு படம் போட்டார். நோயாளியின் வாய்க்குள் விட்டுக் கடைவாய்ப்பல்லைப் படம்பிடிக்க ஒரு சிறு கேமரா வைத்திருப்பார்களே, அதைக் கொண்டு என் தண்டைப் படம்பிடித்திருக்கிறார். திரை முழுவதும் ஒரு பூச்சி. வெள்ளை மாவு பூசிய உடல், ஓரமெல்லாம் முள் முள்ளாகக் கால்கள். கீழே ஒரே வரி: ‘இதுதான் உங்க பட்டு.’

விதியின்படி, போடப்பட்ட படத்துக்குப் பாராட்டு வர வேண்டும். கமலவேணிதான் முதலில் எழுதினார்: ‘உடம்புல வரி வரியா என்ன ஒரு வேலைப்பாடுங்க!’ குழுவின் ஒழுங்கு எந்த நெருக்கடியிலும் குலையவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

டாக்டரை நீக்குவது என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தோம். குற்றச்சாட்டு பூச்சியைப் பற்றியதல்ல, தொனியைப் பற்றியது. நீக்கும்போதும் நாங்கள் பண்பை விடவில்லை. வெளியேறுபவரைப் பற்றி ஒவ்வொருவரும் மூன்று நற்சொற்கள் கூற வேண்டும் என்று அன்றே ஒரு துணை விதி செய்தேன். ‘துணிச்சல், தெளிவு, நல்ல கேமரா’ என்று வைத்தியலிங்கம் எழுதினார். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை டாக்டர் காத்திருந்தார். பிறகு எழுதினார்: ‘பல்லு பிடுங்கதுக்கு முன்னால நாங்களும் இப்பிடித்தான் இனிமையாப் பேசுவோம். சரி, பிடுங்குங்க மேடம்.’

பிடுங்கினேன். அதாவது, நீக்கினேன்.

லைனில் இருக்கிறீர்களா? நல்லது.

சித்திரையில் செடி இளைத்தது. வெண்பட்டு இலைக்கும் ஏறியது, இலைகள் சுருண்டன, மொட்டுகள் மலராமலே உதிர்ந்தன. எறும்புகள் வரிசையாக ஏறின. நான் நாள்தோறும் படம் போட்டேன். என்ன செய்வது என்று யாராவது கூறுவார்களா என்று பார்த்தேன். வெளிப்படையாகக் கேட்கவில்லை, கேட்டால் அது அறிவுரை கோருவதாகிவிடும். ‘துறவுக் கோலம்’ என்றார் ஒருவர். ‘எளிமையின் அழகுங்க’ என்றார் கமலவேணி. வைகாசியில் செடி முழுமையாக ஓய்வெடுத்தது.

இல்லை. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் இன்னும் உறுப்பினர் ஆகவில்லை. செத்துவிட்டது.

அன்று முழுவதும் நான் மாடியிலிருந்து இறங்கவில்லை. ஆனால் மனம் தளரவும் இல்லை. பதினொரு இடங்களில் அது உயிரோடு இருக்கிறதே! ‘அந்திச்சாம்பல் துளிர்த்துவிட்டது மேடம்’, ‘செழிப்பாக இருக்கிறது மேடம்’ என்று படத்தோடு அனைவரும் போட்டிருந்தார்கள். ஒரு தண்டு திரும்பக் கிடைத்தால் போதும். கமலவேணியை அழைத்தேன்.

‘அய்யோ மேடம், அது சூப்பரா இருக்குதுங்க! ஆனா இப்ப இங்க இல்லீங்க.’

‘எங்கே?’

‘வெளியூர் போயிருக்குதுங்க மேடம்.’

‘செடியா?’

‘ஆமாங்க... எங்க நாத்தனார் கூடப் போயிருக்குதுங்க. வந்ததும் சொல்றனுங்க.’

செடியை வெளியூர் அழைத்துச் செல்லும் நாத்தனாரை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. இருப்பினும் ஒருவர் சொல்லை ஐயுறுவது நம் பண்பல்ல. மேலும் நால்வரை அழைத்தேன். ஒருவர் வீட்டில் துக்கம். ஒருவர் வீட்டில் வெள்ளையடிப்பு. ஒருவருக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. ஒருவர் என் குரலைக் கேட்டதும், ‘ராங் நம்பர்’ என்று தம் குரலிலேயே கூறினார்.

மறுநாள் காலை பேருந்து ஏறிக் கும்பகோணம் போனேன். முன்னறிவிப்பின்றி ஒருவர் வீட்டுக்குப் போவது முறையல்ல என்று எனக்குத் தெரியும். வைத்தியலிங்கம் என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார், மறுபடி தோளில் போட்டார். மாடிக்கு அழைத்துப்போய் ஒரு செடியைக் காட்டினார்.

‘இதுதான் மேடம். உங்க ஆசீர்வாதம்.’

செடி நன்றாகவே இருந்தது. உச்சியில் ஒரு பூவும் இருந்தது. தெருவுக்குத் தெரு வேலியோரம் பூக்கும் சாதாரணச் சிவப்புச் செம்பருத்தி. எனக்கு அதற்குள் கண் அறுவை முடிந்திருந்தது.

‘வளையம் எங்கே?’ என்று கேட்டேன்.

‘மாலையிலதான் வரும்னு... நீங்களே சொல்லியிருக்கீங்களே மேடம்.’

அப்போது அவர் மனைவி மங்கையர்க்கரசி காபியோடு மேலே வந்தார். அவர் குழு உறுப்பினர் அல்லர். எந்த விதிக்கும் கட்டுப்படாதவர்.

‘எதைத் தேடறீங்க? நீங்க அனுப்பிச்ச அந்தப் பூச்சிக் குச்சியா? அது வந்த அன்னிக்கே வெந்நீர் அடுப்புக்குள்ள போயிட்டுதேம்மா! இவர்தான் மூக்கைப் பொத்திக்கிட்டு இடுக்கியால எடுத்துட்டுப் போனார். அப்புறம் நர்சரிக்கு ஓடி நாப்பது ரூபாய்க்கு இதை வாங்கியாந்து, போட்டோ புடிச்சு... ஏன் என்னை முறைக்கிறீங்க? சர்க்கரை போதுமாம்மா?’

‘போதும்’ என்றேன். காபி நன்றாகவே இருந்தது, அதையும் கூறினேன்.

வைத்தியலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். ‘எல்லாருமே அப்படித்தான் மேடம். பார்சலைப் பிரிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு. உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான்...’

‘அப்படியானால் டாக்டர் எழுதியபோது?’

‘அவங்க எழுதினது சரிதான் மேடம்.’

‘இணக்கக் குழுவில் நீங்கள் கையெழுத்திட்டீர்களே?’

‘தொனி சரியில்லைன்னுதானே மேடம் தீர்மானம். அதுக்குத்தான் போட்டேன்.’ சற்றுத் தயங்கி, ‘நீக்கின மறுநாளே அவங்களுக்குப் போன் பண்ணினேன். என் மத்த செடிங்களுக்கு என்ன மருந்து அடிக்கணும்னு கேட்டேன். நல்லாத்தான் சொன்னாங்க. எல்லாரும் அவங்களைத்தான் கேட்டுக்கறோம். இணக்கக் குழுவும்’ என்றார்.

நான் கோபப்பட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. திரும்பும் வழியெல்லாம், பேருந்தில், அதைத்தான் எண்ணிக்கொண்டு வந்தேன். ஒருவரின் மனம் நோகாதிருக்க நாற்பது ரூபாய் செலவழித்து ஒரு செடியை வாங்கிப் படமெடுக்கும் பண்பை எந்தச் சட்டத்தாலும் உண்டாக்க முடியாது. என் விதிகள் உண்டாக்கியிருக்கின்றன. அவர்கள் ஒருவரும் என்னிடம் பொய் சொல்லவில்லை, இதமாக இருந்தார்கள். என்ன, செடிதான் இல்லை.

மிச்சம் இருந்தது ஒரே இடம். வீட்டுக்கு வந்ததும் முதலில் ஒரு தீர்மானத்தை எழுதினேன். டாக்டர் ஜெஸிந்தாவின் தொனியைக் குழு மன்னிக்கிறது, மீண்டும் சேர்த்துக்கொள்கிறது. தீர்மானம் ஒருமனதாக, மிக விரைவாக நிறைவேறியது. பிறகு அவரை அழைத்து, தீர்மானத்தை முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். பின்னால் ஏதோ இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

‘மேடம், செடி போச்சா?’ என்றார்.

தீர்மானத்தின் கடைசி வரியை மறுபடி படித்தேன்.

‘எங்கிட்ட ரெண்டு இருக்கு. அன்னைக்கே ஒரு வாளி மருந்துத் தண்ணியில முக்கி எடுத்து, கிளினிக் பால்கனியில தனியா வெச்சேன். ரெண்டும் பிடிச்சிட்டு. ஒண்ணு நேத்து பூத்துது. சாயங்காலம் பேஷண்டுகள வெளிய உக்கார வெச்சுட்டு நான் அதத்தான் பாத்துட்டு நின்னேன். எந்தா ஒரு நிறம் மேடம் அது!’

உங்களிடம் ஒன்று கூற வேண்டும். ஐந்தாண்டுகளில் அந்தப் பூவைப் பற்றி எனக்கு ஆயிரம் பாராட்டுகள் வந்திருக்கின்றன. அதைப் பார்ப்பதற்காகத் தம் வேலையை நிறுத்திவிட்டு நின்றதாக ஒருவரும் எழுதியதில்லை.

‘ஒண்ணு தாரேன்’ என்றார். ‘ஆனா குழு வேண்டாம். தெனமும் மூணு பேரப் புகழதுக்கு எனக்கு நேரமில்ல. இங்க ஆளுக வாயத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கு. இன்னொண்ணும் கேளுங்க. பழைய தொட்டியையும் மண்ணையும் தூரப் போடுங்க. பக்கத்துல நின்ன செடியளயும் எடுங்க. மாடியக் கழுவி போட்டோ அனுப்புங்க. பாத்த பெறவுதான் பார்சல் கட்டுவேன்.’

‘என்னை நம்பவில்லையா?’

‘உங்கள நம்புதேன் மேடம். உங்க போட்டோவுக்குக் கீழ வார கமெண்டத்தான் நம்பல்ல.’

இந்தத் தொனியைத்தான் கூறுகிறேன். பார்த்தீர்களா? இன்றுவரை மாறவில்லை.

என்னிடம் இருந்த மற்ற செம்பருத்திகள் அனைத்தையும் அகற்றினேன். மாடியைக் கழுவினேன். படம் அனுப்பினேன். ‘வடகிழக்கு மூலையில எறும்பு நிக்குது’ என்று பதில் வந்தது. மறுபடி கழுவினேன். ஆடியில் பார்சல் வந்தது. ஐப்பசியில் பூத்தது. செங்கல் நிறம், ஊதா வளையம், மாலையில் சாம்பல். தண்டு பச்சைப் பசேலென்று, சுத்தமாக. படம் போட்டேன். கமலவேணி எழுதினார்: ‘அழகுங்க மேடம்! ஆனா முன்ன இருந்த அந்த வெண்பட்டு இல்லையேன்னுதான் மனசு ஏங்குது.’ அவருக்கு ஓர் இதயம் அனுப்பினேன். வேறென்ன செய்வது?

என்ன கேட்டீர்கள்? உங்கள் செடியிலும் வெள்ளையாகவா? பிசுபிசுவென்றிருக்கிறதா? எறும்பு ஏறுகிறதா?

அம்மா, அதைக் குழுவில் போட வேண்டாம். போட்டால் பாராட்டுவார்கள். ஓர் எண் தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் அழையுங்கள். நான் தந்ததாகக் கூற வேண்டாம். கூறினாலும் அவருக்குத் தெரியும். இப்படி ஆட்களை அடிக்கடி அனுப்புகிறேன். அவர் பேச்சு உங்களுக்குச் சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். பொறுத்துக்கொள்ளுங்கள், சகிப்புத்தன்மை என்றால் அதுதானே. பேசி முடித்துவிட்டு, மனத்துக்கு இதமாக ஏதாவது வேண்டுமென்றால் எங்களிடம் வாருங்கள். உங்கள் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டேன்.

சந்தாவா? சந்தா கிடையாது. இந்த விவகாரத்துக்கு ஆன செலவு மட்டும்தான் கணக்கில் இருக்கிறது. பார்சல் கட்டணம் இருநூற்றுப் பத்து ரூபாயை ஆடிப்பெருக்கன்று கூரியர்காரரிடம் நான் கொடுத்தேன். டாக்டர் ஆலோசனைக் கட்டணம் முந்நூறு கேட்டார், பல்லுக்கும் அதே கட்டணம்தானாம்; அதை மறுநாளே அனுப்பினேன். என் புதிய தொட்டிகளுக்கும் மண்ணுக்கும் தலா இருநூறு ரூபாய் தருவதாகப் பதினொருவரும் தாமாகவே முன்வந்தார்கள். வைத்தியலிங்கத்தின் பங்கை அவர் மனைவி அந்த வாரமே அனுப்பினார், அதற்குமேல் நாற்பது ரூபாய் சேர்த்து. மற்ற ஒன்பது பேரும் ஆவணி முடிவதற்குள் கொடுத்துவிட்டார்கள். கமலவேணி இன்னும் தரவில்லை. நினைவூட்டினால் அவர் மனம் நோகும். எனவே விதிப்படி, ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று அவருடைய தாராள மனத்தைக் குழுவில் பாராட்டி வருகிறோம்.